கடலுக்குக் காட்டாத பிள்ளைகள்

கஸ்பாரின் பிள்ளைகள் இரண்டும் சாளைத்துறைக் கடற்கரையில் முதன்முதலாகக் கால் வைத்த அன்று, கடல் அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போனது. பெரிய சத்தமோ கொந்தளிப்போ இல்லை. மூத்தவள் ஓரடி எடுத்து வைத்தால் கடலும் ஓரடி பின்னால் போனது, சின்னவன் அக்காள் கையை உதறிவிட்டு ஓடினால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி அதுவும் ஓடியது, இரண்டும் களைத்துப்போய் நின்றால் அதுவும் எட்டத்தில் நின்று மூச்சு வாங்கியது. கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த நாங்கள் தலை தூக்கிப் பார்த்தோம். கடலுக்கே பிடிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி வலையைப் பார்க்கக் குனிந்துகொண்டோம்.

அவர்கள் நார்வேயிலிருந்து வந்தவர்கள். கஸ்பார் எங்கள் ஊர்க்காரன்தான், வாலிபத்தில் கப்பல் வேலைக்கென்று போனவன் அந்தக் குளிர்தேசத்தில் இறங்கி, ஒரு மீன் கம்பெனியில் சேர்ந்து, அங்கே அகதியாக வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் நிரோஜினியைக் கட்டி, ஆரணி என்று ஒரு மகளையும் நீலன் என்று ஒரு மகனையும் பெற்றுக்கொண்டான். அங்கேயும் வீட்டுக்கு எதிரே கடல்தானாம், ஆனால் கால் வைத்தால் எலும்புக்குள் குளிர் ஏறுமாம், அதனால் பிள்ளைகள் கடலைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தன. எங்க ஊர்க் கடல் அப்படியில்லை, விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருக்கும், காலையில் இறங்கினால் பசிக்கிற வரைக்கும் கிடக்கலாம் என்று அவன் சோறு ஊட்டும்போதெல்லாம் சேர்த்து ஊட்டியிருக்கிறான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஏழு வயது ஆரணி தன் பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் பனிச்சறுக்குக் கட்டையையும் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அப்பன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள்.

எங்களுக்கு அவர்கள் மேல் என்ன கோபம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கோபம் இல்லாமலா? கஸ்பாரின் அப்பன் விட்டுப்போன மனை கடற்கரையை ஒட்டிச் சும்மா கிடந்தது, சும்மா என்றால் அவனுக்குச் சும்மா, எங்களுக்கு அதுதான் கருவாட்டுக் களம். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் நெத்திலி காயப்போட்டார்கள், வலை விரித்தார்கள், பிள்ளைகளைப் படுக்கப்போட்டார்கள், சண்டை போட்டார்கள். அந்த மனையில் அவன் வந்து ஒரு வீட்டைக் கட்டி, வீட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம், அதைச் சுற்றி எட்டிப்பார்க்க முடியாத உயரத்துக்கு ஒரு மதிலையும் எழுப்பி, இரும்புக் கேட்டும் போட்டுவிட்டான். தன் மனையில் தானே மதில் கட்டினான் என்பது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நெத்திலி காயவைக்க முடியாது.

எல்லாரையும்விட வயிறு எரிந்தவள் செபஸ்தியம்மாள். அவள் புருஷன் சூசை ஒரு வாடைக்காற்றில் வள்ளத்தோடு போனவன், ஆளும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. புதைக்க உடம்பில்லாததால் கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவள் மட்டும் வெறுங்கையோடு கடற்கரையில் நிற்பாள். புருஷன் போன நாள் முதல் அவளுக்கு அந்தக் களத்தின் தென்மூலைதான் பிழைப்பு, அந்த மூலையில்தான் கஸ்பார் கேட்டுக்குத் தூண் எழுப்பினான்.

இனிக் கடல் ஏன் ஒதுங்கியது என்பதைச் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சாளைத்துறையில் பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானம் முடிந்த கையோடு கடலுக்குக் காட்ட வேண்டும். கோவிலில் சாமியார் தலையில் ஊற்றுகிற தண்ணீர் மோட்சத்துக்கு, கடலுக்குக் காட்டுவது இந்த உலகத்துக்கு. காட்டுகிறவர் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது, பெற்றவள் சாட்சி எங்கேயும் செல்லாது, கடலில் மட்டும் செல்லுமா? அந்நியர் ஒருவர் உப்புத்தண்ணீரில் கால் நனைய நின்று, கடலைப் பார்த்து, பிள்ளையின் பேரையும் அது யார் பிள்ளை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், காட்டுகிறவர் கால் நனையவில்லை என்றால் சொன்னது காற்றோடு போய்விடும். கைக்குழந்தையாகக் காட்டினால் கடல் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும். காட்டாத பிள்ளை நடக்கப் பழகிவிட்டால் அதன் காலைப் பார்த்து ஒதுங்கும். கஸ்பாரை அவன் சிறுவயதிலேயே காட்டியாயிற்று, நிரோஜினி பிறந்ததும் கடற்கரை ஊர்தான் என்பதால் அவளை அந்தக் கரைக் கடல் இந்தக் கரைக் கடலுக்குச் சொல்லியிருக்கும் போல, அவர்கள் காலை அலை தொட்டது. பிள்ளைகள் இரண்டையும் காட்ட ஆளில்லை.

கஸ்பாருக்கு வழக்கம் தெரியும். அவன் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துகொண்டான். நிரோஜினிதான் வீடு வீடாக வந்தாள். யாராவது ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். ஒரு வீட்டில் முட்டுவலி என்றோம், ஒரு வீட்டில் விரதம் என்றோம், ஒரு வீட்டில் நாய் மட்டும் வந்து பதில் சொன்னது. கடைசியில் அவள் செபஸ்தியம்மாளிடம் போனாள்.

"அக்கா, ஒருக்கா வந்து பேர் சொல்லுங்கோ. சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"மதிலை இடிச்சிட்டு வா, சொல்லுதேன்" என்றாள் செபஸ்தியம்மாள், முகத்தை முறத்திலிருந்து எடுக்காமல்.

அடுத்த நாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டு ஊரே கூடியது. நிரோஜினி தன் கையாலேயே தென்மூலையில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மதிலை இடித்துப் போட்டிருந்தாள், உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தது. செபஸ்தியம்மாள் அந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள், ஓலைப்பாயை விரித்தாள், நெத்திலியைப் பரப்பினாள், பிறகு ஒன்றைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தாள். இடிச்ச தூசி முழுக்கக் கருவாட்டில் விழுந்துவிட்டது, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். நிரோஜினி சிரிக்கவில்லை, எங்களைத் திட்டவும் இல்லை, கல்லையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஊருக்குள் ஒரு ஜாக்கிரதை வந்தது. பேர் சொல்வதுதான் காட்டுவது என்பதால், தப்பித்தவறிக்கூட அந்தப் பேர் நாக்கில் வந்துவிடக்கூடாது என்று நாங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகை எடுக்கும்போது ஆரணியைப் பெரிய நார்வே என்றாள், பாலர் வகுப்பில் நீலன் சின்ன நார்வே. கடையில் மிட்டாய் கேட்டு நின்றால் 'ஏ, ஃபாரின்' என்றார்கள். கோவிலில் புதுநன்மைக்குப் படிக்கிற பிள்ளைகளைச் சாமியார் ஒவ்வொருவராக அழைத்தபோது அவளிடம் வந்ததும் இருமினார். இருமலுக்கு எழுந்து போய் நிற்கவும் அந்தப் பிள்ளை பழகிக்கொண்டது.

பிள்ளைகள் கரைக்கு வந்தால் வள்ளங்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் ஊர்த்தலைவர் தொம்மை ஒரு ஏற்பாடு செய்தார். வள்ளங்கள் போகிற நேரத்திலும் வருகிற நேரத்திலும் கோவில் மணி அடிக்கும், மணி அடித்தால் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் போனால் போகட்டும் என்று விட்டோம், அந்த அளவுக்கு எங்களுக்குப் பெரிய மனசு. ஆரணி தினமும் போவாள், கடல் சற்று முன்புவரை கிடந்த இடத்தில் உட்கார்ந்து, ஈர மணலில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊறி வருகிறதா என்று பார்ப்பாள், பிறகு விரலை நக்கிக்கொள்வாள். அப்பா, கடலுக்கு எங்களப் பிடிக்கேல்லையா என்று அவள் கேட்டதையும், கஸ்பார் அவள் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்ததையும் கட்டுமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

கடலில் உள்ள பாறைத்திட்டை நாங்கள் பார் என்போம். எங்கள் ஊருக்கு நேரே சங்குப்பார் ஒன்று உண்டு, முக்குளித்து எடுப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற இடம். ஒருநாள் சின்னவன் நீலன் ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு வழக்கத்தைவிட நீளமாக ஓட, கடல் பின்னால் போய்ப் போய் அந்தப் பாரின் முதுகு வெளியே தெரிந்தது. சங்குகள் சந்தையில் கூறுகட்டின கத்தரிக்காய் மாதிரி பரவிக் கிடந்தன. வேடிக்கை பார்த்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், பிறகு சாமியாரின் சமையல்காரர். நீலன் நண்டைப் பிடிக்க முடியாமல் அழுதுகொண்டு திரும்பியபோதுதான் எல்லாரும் விழுந்தடித்துக் கரையேறினோம், பிள்ளை திரும்பினால் கடலும் பின்னாலேயே திரும்பும் என்பது அப்போது உறைத்தது.

அன்று சாயங்காலமே தொம்மை கஸ்பார் வீட்டுக் கேட்டைத் தட்டினார், எங்கள் ஊரிலிருந்து அந்த வீட்டுக்குப் போன முதல் ஆள். வாழைத்தார் ஒன்றும் கொண்டுபோனார். பிள்ளைகளை ஒரே ஒருநாள் பார் தெரிகிற வரைக்கும் நடக்கவிட்டால், ஊர் சார்பில் தானே கடலுக்குக் காட்டிவிடுவதாகச் சொன்னார். கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. நிரோஜினி மட்டும், முதலில் காட்டுங்கோ, பிறகு நடப்பம் என்றாள். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டால் ஊர்க்காரியம் நடக்குமா என்று தொம்மை சிரித்தார், கஸ்பாரும் அவரோடு சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் பிற்பாடு பட்டது அவனுக்குத் தெரியும்.

பிள்ளைகள் நடந்தன. ஆரணி புது கவுன் போட்டுக்கொண்டு வந்தாள், திரும்பும்போது கடல் தன்னைத் தொடும் என்று நினைத்து. நாங்கள் சாக்குச் சாக்காக அள்ளினோம். கரையேறியதும் அவள் தொம்மை முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள்.

"திருவிழா முடியட்டும், பார்ப்போம்" என்றார் தொம்மை.

எந்தத் திருவிழா என்று அவர் சொல்லவில்லை. மாதா திருவிழா போனது, அடுத்ததாகச் சவேரியார் திருவிழா வந்தது, தவக்காலத்தில் நல்ல காரியம் செய்யலாமா என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்கள். காட்டிவிட்டால் கடல் ஒதுங்காது, ஒதுங்காவிட்டால் பார் தெரியாது, இது புரியாத அளவுக்கு நாங்கள் மடையர்களா? ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளை நடத்தினோம், ஒவ்வொரு வாரமும் இந்தத் தடவை நிச்சயம் என்றோம். ஊரில் கூரைகளுக்குப் புது ஓடுகள் ஏறின, கல்யாணங்கள் தடபுடலாக நடந்தன. கடலடியில் தொலைந்த நங்கூரங்கள் கிடைத்தன, யாரோ ஒருவரின் தாத்தா கோபத்தில் வீசியெறிந்த வெற்றிலைச் செல்லம்கூடக் கிடைத்தது. நிரோஜினி இனி அனுப்ப மாட்டேன் என்று கேட்டைப் பூட்டினாள், ஆனால் ஆரணி மதில் இடிந்த வழியாகத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிற வயது அது, நாங்களும் அந்த வயதுக்குத் தகுந்த மாதிரிதான் பேசினோம்.

செபஸ்தியம்மாள் மட்டும் சங்கு பொறுக்கவில்லை. எல்லாரும் குனிந்து அள்ளும்போது அவள் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். இன்னும் கொஞ்சம் போகச் சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் என்று பிள்ளைகளை நடத்துகிறவர்களிடம் கேட்பாள். என்ன தேடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை தொம்மை பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தார். மணி அடித்ததும் பிள்ளைகளைப் புத்தகப்பையோடு அப்படியே கடற்கரைக்குக் கூட்டிவந்தார், பாருக்கு அப்பால் இன்னொரு பார் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். பிள்ளைகள் முன்னால் நடந்தன, நாங்கள் பின்னால் நடந்தோம், ஊரில் படுக்கையில் கிடந்தவர்களைத் தவிர எல்லாரும் வந்துவிட்டோம். நீலனுக்குக் கால் வலித்தது, அவன் உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் ஏலே, நடலே என்று பின்னாலிருந்து அதட்டினார். கரை சின்னதாகிப் போனது, மாதா கோவில் கோபுரம் கைவிரல் அளவுக்குத் தெரிந்தது, கடல் எங்களுக்கு முன்னால் ஒரு மதில் மாதிரி உயர்ந்து நின்றுகொண்டு பின்வாங்கியது. அங்கே, சேற்றில் பாதி புதைந்து, பாசி படிந்து, சூசையின் வள்ளம் கிடந்தது. வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தில் அவன் தீட்டியிருந்த நீலச் சிலுவை இன்னும் அழியவில்லை.

வள்ளத்தைச் சுற்றி ஒரு குட்டை தேங்கியிருந்தது, செபஸ்தியம்மாள் அதற்குள் இறங்கி நடந்தாள், பலகையில் கை வைத்தாள், பிறகு நெற்றியையும் வைத்தாள். நாங்கள் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றோம், பிறகு சங்கைப் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து நீலன், கால் ஓய்ந்துபோன நாலு வயதுப் பிள்ளை, உட்கார ஓர் இடம் கிடைத்தது என்று வள்ளத்துக்குள் ஏறிவிட்டான். உள்ளே கிடந்த ஒரு துடுப்பை எடுத்து வள்ளம் வலிக்கிற மாதிரி ஆட்டி, டுர்ர்ர் என்று வாயால் சத்தமும் கொடுத்தான். ஆரணி அவனை இறக்கத் தானும் ஏறினாள்.

செபஸ்தியம்மாள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷம் கல்லறை இல்லாமல் அலைந்தவளுக்கு இப்போதுதான் ஒரு கல்லறை கிடைத்திருக்கிறது, அதற்குள் இரண்டு பிள்ளைகள் விளையாடுகின்றன. அவள் அப்படியே குட்டைத் தண்ணீரில் நின்றபடி, வள்ளத்தையும் அதற்குப் பின்னால் நின்ற கடலையும் பார்த்து, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏலே நீலா! ஏட்டி ஆரணி! கஸ்பார் பெத்த பிள்ளையளா, எறங்குங்கலே!"

கத்திய பிறகுதான் அவளுக்கே கேட்டது. எங்களுக்கும் கேட்டது. கடலுக்கு எங்களுக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அது பின்வாங்குவதை நிறுத்தியிருந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளைத் திட்டுவதென்றால் பேரையும் பெற்றவன் பேரையும் சேர்த்துத்தான் திட்டுவோம், மொட்டையாகத் திட்டத் தெரியாது, அந்தப் பழக்கம் கவிழ்த்துவிட்டது. நாங்கள் சாக்குகளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினோம். தொம்மை சாக்கைப் போடாமல் ஓடினார்.

கடல் வந்தது. பார்க்க வருகிற சொந்தக்காரர் மாதிரி நேராக வள்ளத்துக்குத்தான் வந்தது, அதைச் சுற்றிக்கொண்டது, சேற்றிலிருந்து மெல்லப் பிடுங்கித் தூக்கியது. செபஸ்தியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள், ஓடவில்லை, அவளுக்கு அங்கேயே இருந்துவிட மனசாக இருந்திருக்கும். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது ஆரணி வள்ளத்தின் விளிம்பிலிருந்து குப்புறச் சாய்ந்து அவள் மயிரைக் கொத்தாகப் பிடித்தாள், மற்றக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கடலைத் தள்ளினாள், பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் கடலைத் தொட்டது அப்படித்தான்.

"விடு, விடு! இது எங்கட செபஸ்தி மாமி!" என்று அவள் கடலிடம் கத்தினாள்.

கடல் விட்டது. அதையெல்லாம் நாங்கள் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான், முழுதாகப் பார்த்தது நிரோஜினி ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை என்றதும் செருப்பில்லாமல் ஓடிவந்தவள் எங்களுக்கு எதிர்த்திசையில், கடலை நோக்கி, பேய் பிடித்தவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள், ஓடுகிற எங்களில் ஒருவரும் அவளுக்கு வழி விடவில்லை. அலை எங்களையெல்லாம் புரட்டி உருட்டி, சங்கையும் சாக்கையும் பிடுங்கிக்கொண்டு, வேட்டி சேலைகளைக்கூட மிச்சம் வைக்காமல் கரையில் துப்பியது. செத்தவர் ஒருவரும் இல்லை, மானம் போனவர்கள்தான் எல்லாரும். வள்ளம் கடைசியில் வந்தது. துடுப்பு போடாமலே, நிரோஜினியை நடுவழியில் ஏற்றிக்கொண்டு, நாலு பேரோடு மதில் இடிந்த இடத்துக்கு நேரே வந்து மணலில் மூக்கை வைத்தது.

மறுநாள் காலை வள்ளம் தள்ளப் போனவர்கள் ஊரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஓரடி வைத்தால் கடல் ஓரடி பின்னால் போனது. ஓடினால் ஓடியது. சாமியாரைக் கூட்டிவந்தோம், அவருக்கும் ஒதுங்கியது. ஒரு வாளியில் தண்ணீர் மொண்டுவரலாம் என்று பிறந்ததிலிருந்து அலையோடு கிடக்கிற கிழவர்களை அனுப்பினோம், அவர்கள் காய்ந்த வாளியோடு திரும்பி வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கம், கஸ்பார் மனைக்கு நேரே, ஆரணியும் நீலனும் கழுத்தளவு கடலில் கிடந்தார்கள், அலை அவர்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. செபஸ்தியம்மாள் முழங்காலளவு தண்ணீரில் நின்று, தூரம் போகாதே ஆரணி, இங்க வா நீலா என்று பேர் சொல்லிப் பேர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். கஸ்பார் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

ஏன் இப்படி என்று நாங்கள் அதிகம் விசாரிக்கவில்லை, விசாரித்தால் பதில் வந்துவிடும். ஆகவேண்டியதைப் பார்த்தோம். எங்களை யாராவது கடலுக்குக் காட்ட வேண்டும், எங்களுக்குள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்ளலாம் என்றால் ஒருவர் காலும் நனையவில்லை. செபஸ்தியம்மாளிடம் கேட்டோம். இந்த ஊரில் கஸ்பார் வீட்டைத் தவிர நான் அத்தையோ சித்தியோ மயினியோ ஆகாத வீடு எது, என் சாட்சி உங்களுக்குச் செல்லாது, போங்கள் என்றாள், அது உண்மைதான். கஸ்பார் தொம்மையோடு சேர்ந்து சிரித்தவன், அவன் காலும் நனையவில்லை. கால் நனைகிற அந்நியர் என்று ஊரில் மிஞ்சியிருந்தது யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்திதான்.

அதனால் போனோம். தொம்மை வாழைத்தாரோடு முன்னால் நின்றார், அவருக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது, மதில் இடிந்த வழியாக யாரும் உள்ளே நுழையவில்லை, எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். நிரோஜினியும் செபஸ்தியம்மாளும் களத்தில் உட்கார்ந்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். தலை சொட்டச் சொட்ட ஆரணிதான் ஓடிவந்தாள், கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு எங்கள் தலைவரைப் பார்த்தாள். நாங்கள் அவள் பேரைச் சொல்லாத அத்தனை மாதமும் அவளுக்கும் செபஸ்தியம்மாளைத் தவிர எங்களில் ஒருவர் பேரும் தெரிந்திருக்கவில்லை.

"உங்கட பேர் என்ன?" என்று கேட்டாள்.

"தொம்மை" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிக்கேல் மவன்" என்றார்.

அவள் அதை அம்மாவிடம் போய் அப்படியே சொன்னாள். நிரோஜினி எழுந்து, கையிலிருந்த மீன்செதிலைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டருகே வந்தாள். எங்கள் வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தாள், தொம்மையின் காய்ந்த பாதங்களைப் பார்த்தாள், அவள் உள்ளங்கையில் கடப்பாரைக் கொப்புளம் தழும்பாகிப் போயிருந்தது.

"திருவிழா முடியட்டும், பாப்பம்" என்றாள்.

எந்தத் திருவிழா என்று அவள் சொல்லவில்லை.